திமிங்கிலம் போகட்டும் என்று காத்திருப்பவர்கள்

நவம்பர் மாதத்தின் முதல் சனிக்கிழமை. சான் பிரான்சிஸ்கோவுக்குத் தெற்கே ஹாஃப் மூன் பேயில், பில்லர் பாயிண்ட் துறைமுகத்தின் கருங்கல் தடுப்புச் சுவரில் விடியும் முன்பே ஆள் சேர்ந்துவிடுகிறது. நெற்றியில் விளக்கு, காலில் ரப்பர் பூட்ஸ், பக்கத்தில் ஒரு வாளி. தூண்டில் நுனியில் முள் கிடையாது. உள்ளங்கை அகலத்தில் ஒரு கம்பிப் பெட்டி தொங்குகிறது, அதற்குள் கணவாய்த் துண்டு, சுற்றிலும் ஐந்தாறு நைலான் கண்ணிகள். வீசி எறிந்துவிட்டுப் பத்துப் பதினைந்து நிமிடம் சும்மா இருக்க வேண்டும். பிறகு ஒரே வெட்டாக இழுக்க வேண்டும். இழுக்கத் தொடங்கினால் கரை சேரும்வரை கை நிற்கக் கூடாது. சற்றுத் தளர்ந்தாலும் கண்ணி நெகிழும். காலை உருவிக்கொண்டு நண்டு போய்விடும்.

மேலே வருவது டன்ஜனஸ் நண்டு. செம்பழுப்பு ஓடு, அடியில் வெளிறிய மஞ்சள். வாஷிங்டன் மாநிலத்தில் டன்ஜனஸ் என்ற சிற்றூரின் பெயரைத் தாங்கி, அலாஸ்கா முதல் கலிஃபோர்னியா வரை வாழும் நண்டு இது. பிடித்தவர் முதலில் அதைத் திருப்பி வயிற்று மடலைப் பார்க்கிறார். குறுகிய மடல் என்றால் ஆண், அகன்றது என்றால் பெண். பிறகு ஓட்டின் குறுக்கே அளவுகோலை வைக்கிறார். ஓட்டு விளிம்பில் வரிசையாக இருக்கும் முட்களில் பத்தாவதுதான் பெரியது. அதற்குச் சற்று முன்னால் அளக்க வேண்டும். ஐந்தே முக்கால் அங்குலம் இருந்தால் வாளிக்கு, நகத்தளவு குறைந்தாலும் கடலுக்கு. ஒருவருக்கு ஒரு நாளைக்குப் பத்து நண்டுதான்.

2024-ல் அந்தச் சனிக்கிழமை நவம்பர் 2-ஆம் தேதி வந்தது. பொழுதுபோக்கு நண்டுப்பிடிப்பு அன்று தொடங்கியபோது, இந்தப் பகுதியில் கண்ணிக்கும் வளைய வலைக்கும் மட்டுமே அனுமதி. கடலடியில் வைக்கும் நண்டுக்கூடு போடத் தடை. கூன்முதுகுத் திமிங்கிலங்கள் இன்னும் கரையோரத்தில் மேய்ந்துகொண்டிருந்தன என்பதுதான் காரணம். அவை மெக்சிகோவுக்கும் மத்திய அமெரிக்காவுக்கும் கிளம்பிப் போகும்வரை கூடுகள் வீட்டுக் கொட்டகையில் இருக்க வேண்டும்.

கூட்டுக்கும் திமிங்கிலத்துக்கும் என்ன தொடர்பு? கூடு கடலடியில் கிடக்கிறது. அதிலிருந்து நீர்மட்டத்து மிதவைவரை ஒரு கயிறு, நூறு அடியோ இருநூறு அடியோ, நெட்டுக்குத்தாக நிற்கிறது. போட்டவர் வீட்டுக்குப் போய்விடுவார்; கயிறு இரவும் பகலும் தண்ணீரில் நிற்கும். வாயைத் திறந்தபடி நெத்திலிக் கூட்டத்துக்குள் பாயும் 40 அடி விலங்குக்கு அந்தக் கயிறு தெரிவதில்லை. வாயோரத்திலோ பக்கத் துடுப்பிலோ வாலின் அடியிலோ பட்டால், மிரண்டு புரளும். புரளப் புரளக் கயிறு சுற்றிக்கொள்ளும். பிறகு கூட்டையும் மிதவையையும் இழுத்துக்கொண்டே மாதக்கணக்கில் நீந்தும். கயிறு தோலை அறுத்துச் சதைக்குள் இறங்கும். வளைய வலையில் இந்த ஆபத்து குறைவு. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது அதைத் தூக்கியாக வேண்டும் என்று விதி இருப்பதால், ஆள் பக்கத்திலேயே இருப்பார்.

சுவரில் நிற்பவருக்கு அன்று திமிங்கிலம் எதுவும் கண்ணில் படவில்லை என்று வைத்துக்கொள்வோம். அவர் கூடு போட்டிருந்தாலும் அதில் ஒரு திமிங்கிலம் சிக்கியிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அப்படியிருக்க, தன் கண்ணில் படாத ஓர் உயிருக்காக, தன்னால் நேருமா நேராதா என்று தெரியாத ஒரு தீங்குக்காக, ஒரு மனிதர் தன் உரிமையை எவ்வளவு தூரம் விட்டுக்கொடுக்கக் கடமைப்பட்டவர்? கலிஃபோர்னியாவின் நண்டு விதிகள் ஆண்டுக்காண்டு மாறும்போதெல்லாம் எழும் முணுமுணுப்புக்கு அடியில் இருப்பது இந்தக் கேள்விதான். அது மீன்வளத் துறையோடு முடிகிற கேள்வி அல்ல. அறத்தைப் பற்றிய கேள்வி.

உரிமை என்று சொல்வது வெறும் பேச்சும் அல்ல. மீன் பிடிக்கும் உரிமை கலிஃபோர்னியாவின் அரசியல் சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. 1910-ல் சேர்க்கப்பட்ட அந்தப் பிரிவு, அரசு நிலங்களிலும் நீரிலும் மக்கள் மீன் பிடிக்கலாம் என்கிறது. அதே பிரிவு, எந்தக் காலத்தில், என்ன நிபந்தனையோடு பிடிக்கலாம் என்பதைச் சட்டமன்றம் வகுக்கலாம் என்றும் சொல்கிறது. உரிமையும் காத்திருப்பும் ஒன்றாகவே பிறந்தவை. முதல் பாதியை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு வருபவர்கள் இரண்டாம் பாதியையும் ஒருமுறை வாசிப்பது நல்லது.

இந்த இரண்டாம் பாதி மனிதனுக்கு எளிதில் வந்ததல்ல. 1609-ல் டச்சு அறிஞர் ஹியூகோ குரோஷியஸ், கடல் எல்லோருக்கும் பொது, யாரும் அதை உடைமையாக்க முடியாது என்று வாதாடி நூல் எழுதினார். கீழைக் கடல்களைத் தமக்கே சொந்தமாக்க நினைத்த போர்த்துக்கீசியருக்கு எதிரான நூல் அது. ஒருவர் பயன்படுத்துவதால் கடல் இன்னொருவருக்குக் குறைந்துபோகாது என்பது அவருடைய வாதத்தின் தூண்களில் ஒன்று. 1883-ல் லண்டன் மீன்வளக் கண்காட்சியில் பேசிய விஞ்ஞானி தாமஸ் ஹக்ஸ்லியும், பெருங்கடல் மீன்வளங்கள் வற்றாதவை என்றே நம்பினார். அடுத்த நூற்றாண்டு அந்த நம்பிக்கையைக் கலைத்தது. நண்டுச் சுவரிலிருந்து சில மணி நேரப் பயணத்தில் இருக்கும் மான்டரேயில், சார்டின் மீன் பதப்படுத்திய தொழிற்சாலைகளின் வரிசை 1940-களின் பிற்பகுதியிலிருந்து ஒவ்வொன்றாக மூடப்பட்டது. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் 1992-ல் காட் மீன்பிடிப்பு நிறுத்தப்பட்டது. வற்றாத கடலில் ஒருவன் எவ்வளவு அள்ளினாலும் அது அவன் பாடு. வற்றும் கடலில் அள்ளும் ஒவ்வொரு கையும் இன்னொரு கையைத் தொடுகிறது.

டன்ஜனஸ் நண்டு மட்டும் வற்றவில்லை. அதற்கும் ஒரு விதியே காரணம். தொழில்முறை மீனவர்கள் ஆண் நண்டை மட்டுமே எடுக்கலாம், அதுவும் ஆறேகால் அங்குலம் இருந்தால்தான். அந்த அளவுக்கு வளர்வதற்குள் ஆண் நண்டு குறைந்தது ஒருமுறையாவது இணை சேர்ந்திருக்கும். பெண் நண்டு ஓடு கழற்றும் பருவத்தில் ஆண் அதைப் பல நாள் அணைத்தபடியே வைத்திருக்கும். பழைய ஓடு கழன்று உடல் மென்மையாக இருக்கும்போதுதான் சேர்க்கை. ஒரு பெண் நண்டு வயிற்று மடலுக்கடியில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட முட்டைகளைச் சுமக்கக்கூடும். அளவை எட்டிய ஆண்களில் பெரும்பகுதி ஒவ்வொரு பருவத்திலும் பிடிபட்டுவிட்டாலும், இனம் தொடர்கிறது. பால், அளவு, காலம் என்ற மூன்று கட்டுப்பாடுகள் நூறாண்டுக்கும் மேலாக இந்தக் கரையைக் காத்துவருகின்றன.

இங்கே கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. பொழுதுபோக்காகப் பிடிப்பவர் பெண் நண்டை வைத்துக்கொள்ளக் கூடாது என்று கலிஃபோர்னியா விதியில் இல்லை. பக்கத்து ஒரிகன் மாநிலத்தில் அந்தத் தடை உண்டு. இருந்தும் சுவரில் நிற்கும் பழகிய கைகள் அகன்ற மடலைக் கண்டதும் நண்டைத் திருப்பி எறிகின்றன. யாரும் அபராதம் போடப் போவதில்லை, யாரும் பார்ப்பதுமில்லை. சட்டம் நிற்கும் இடத்துக்கு அப்பாலும் ஒரு வழக்கம் நடந்துபோகிறது. அறம் என்று ஒன்று இருக்குமானால் அது இந்த இரண்டு மூன்று அடியில்தான் இருக்கிறது.

ஆனால் பழைய மூன்று கட்டுப்பாடுகளும் நண்டை மட்டுமே மனதில் வைத்தவை. திமிங்கிலம் கணக்குக்குள் வந்தது 2015-க்குப் பிறகு. அந்தக் கதையைச் சற்று நின்று சொல்ல வேண்டும்.

2014 முதல் 2016 வரை வட பசிபிக்கில் பெரும் வெப்ப அலை ஒன்று தேங்கி நின்றது. கடல் சூடேறியதும், நுண்பாசி இனம் ஒன்று பல்கிப் பெருகி டோமோயிக் அமிலம் என்ற நஞ்சைச் சுரந்தது. நண்டின் குடல் பகுதியில் அது சேரும், வேகவைத்தாலும் அழியாது. 1987-ல் கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவில் சிப்பி சாப்பிட்டவர்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் இதனால் நோயுற்று, சிலர் நினைவாற்றலை நிரந்தரமாக இழந்து, மூவர் இறந்த பிறகுதான் இந்த நஞ்சின் கொடுமை உலகுக்குத் தெரிந்தது. எனவே 2015 நவம்பர் 5 அன்று, பொழுதுபோக்குப் பருவம் தொடங்க இரண்டே நாள் இருக்கையில், கலிஃபோர்னியாவின் மீன்பிடிப்பு விதிகளை வகுக்கும் ஆணையம் அதை நிறுத்தியது. தொழில்முறைப் பருவமும் தள்ளிப்போனது. மத்தியக் கரையில் அது திறந்தபோது தேதி 2016 மார்ச் 26.

மனிதரைக் காக்க எடுத்த முடிவு அது. தவறு என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அதே வெப்பம் இன்னொரு வேலையும் செய்திருந்தது. வழக்கமாக அடிக்கடலின் குளிர்ந்த நீர் மேலெழுந்து பரவும் பகுதி, கரையை ஒட்டிய குறுகிய பட்டையாகச் சுருங்கிப்போயிருந்தது. வெளிக்கடலில் திமிங்கிலம் தின்னும் கிரில் என்ற சிற்றுயிர் குறைந்தது. நெத்திலி கரையோரம் திரண்டது. அதைத் தேடித் திமிங்கிலங்களும் கரைக்கு வந்தன. அவை வந்துசேரும் வசந்த காலத்தில்தான், நான்கு மாதத்துக்கும் மேலாக முடங்கிக்கிடந்த அத்தனை படகுகளும் ஒரே நேரத்தில் கூடுகளை இறக்கின. 2016-ல் அமெரிக்க மேற்குக் கரையில் 71 திமிங்கிலங்கள் கயிற்றில் சிக்கியதாகத் தகவல் வந்தது. ஜரோட் சான்டோராவும் உடன் ஆய்வாளர்களும் 2020-ல் வெளியிட்ட ஆய்வு இந்தச் சங்கிலியைக் கண்ணி கண்ணியாக விளக்கியது.

யாரும் தீங்கு நினைக்கவில்லை. பொதுச் சுகாதார அதிகாரி தன் கடமையைச் செய்தார். மீனவர் அனுமதி வந்த பிறகே கடலுக்குப் போனார். திமிங்கிலம் தன் இரையைத் தேடி வந்தது. ஆனாலும் தீங்கு நடந்தது. பழைய நீதிநூல்களில் குற்றம் என்றால் ஓர் எண்ணமும் அதைச் செய்த ஒரு கையும் இருக்கும். இங்கே எண்ணமும் இல்லை, தனியாகச் சுட்டிக்காட்டக் கையும் இல்லை. பல பேருடைய நியாயமான செயல்கள் ஒன்றுசேர்ந்து ஓர் உயிரின் கழுத்தை இறுக்குகின்றன. நம் காலத்தின் தீங்குகளில் பெரும்பாலானவை இந்த வகையைச் சேர்ந்தவை. நல்லெண்ணம் மட்டும் போதாது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி அரிது.

2017-ல் உயிரினப் பன்மைய அமைப்பு ஒன்று மாநில அரசின்மேல் வழக்குத் தொடுத்தது. 2019-ல் உடன்பாடு ஏற்பட்டது. அந்த ஆண்டுப் பருவம் ஏப்ரல் 15-லேயே முடித்துவைக்கப்பட்டது. 2020 நவம்பரில் புதிய விதிமுறை நடைமுறைக்கு வந்தது. அதன்படி கரை பல மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டது. விமானத்திலும் படகிலும் போய்த் திமிங்கிலங்களையும் ஏழுவரி ஆமைகளையும் எண்ணுகிறார்கள். எண்ணிக்கை குறிப்பிட்ட வரம்பைத் தாண்டினால் பருவம் தள்ளிப்போகும், அல்லது கூடுகளின் எண்ணிக்கை குறைக்கப்படும். அந்த ஏழுவரி ஆமை இந்தோனேசியாவின் பப்புவா கடற்கரையில் முட்டையிட்டு, ஜெல்லி மீன் தின்பதற்காகப் பசிபிக்கைக் கடந்து இங்கே வருகிறது. ஒரு கயிற்றில் எத்தனை நாடுகள் தொங்குகின்றன பாருங்கள்.

முன்பு மத்தியக் கரையின் தொழில்முறை மீனவர்களுக்கு நவம்பர் 15 என்றால் நவம்பர் 15. நன்றி கூறும் நாள் விருந்தில் வான்கோழியோடு நண்டும் வைப்பது சான் பிரான்சிஸ்கோ குடும்பங்களின் வழக்கம். அதற்கு ஏற்ற தேதி அது. இப்போது அந்தக் கரையில் பருவம் 2022 டிசம்பர் 31-லும், அடுத்த முறை 2024 ஜனவரி 18-லும், அதற்கடுத்து 2025 ஜனவரி 5-லும் திறந்தது. கடைசி இரண்டிலும் பாதிக் கூடுகளுக்குத்தான் அனுமதி. இதற்கு நடுவில் சால்மன் மீன்பிடிப்பு 2023, 2024 இரண்டு ஆண்டுகளும் மாநிலம் முழுவதும் மூடிக்கிடந்தது. 2025 ஜூனில் பொழுதுபோக்குக்காரர்களுக்கு மட்டும் ஒரு வார இறுதி திறந்தது. தொழில்முறை மீனவர்களுக்கு அந்த ஆண்டும் இல்லை. கோடையில் சால்மன், குளிர்காலத்தில் நண்டு என்று வாழ்ந்த படகுக்காரருக்கு இரண்டு கையும் கட்டப்பட்டதுபோலத்தான். அவர் கோபப்படுவதில் நியாயம் இருக்கிறது.

அந்தக் கோபத்தின் கேள்வி இதுதான்: நிச்சயமில்லாத ஆபத்துக்காக நிச்சயமான வருமானத்தை இழக்க வேண்டுமா? 1979-ல் ஜெர்மானிய யூதத் தத்துவவாதி ஹான்ஸ் யோனாஸ், பொறுப்பு என்பதை அறத்தின் மையத்தில் வைத்து ஒரு நூல் எழுதினார். மனிதனின் கருவிகள் அவனுடைய அறிவைவிட நீண்டுவிட்டன என்பது அவருடைய கவலை. தன் செயல் எங்கே போய் முடியும் என்று தெரியாத நிலையில், நல்ல கணிப்பைவிடக் கெட்ட கணிப்புக்கே அதிகம் காது கொடுக்க வேண்டும் என்றார் அவர். அச்சத்தை ஒரு வழிகாட்டியாக ஏற்கச் சொன்னார். அணுகுண்டையும் சூழல் அழிவையும் நினைத்து எழுதியதுதான். ஆனால் நண்டுக்கூட்டின் கயிறு அதற்கு ஒரு சின்ன, கைக்கு எட்டுகிற எடுத்துக்காட்டு. இருநூறு அடிக் கயிறு, அதை இறக்கியவரின் கண் எட்டாத ஆழத்தில், அவர் தூங்கும் நேரத்திலும் செயல்பட்டுக்கொண்டிருக்கிறது. தன் கை இல்லாத இடத்தில் தன் செயல் நடக்கிறது என்றால், அந்த இடத்துக்கும் சேர்த்துத்தான் பொறுப்பு.

காத்திருப்பை மதமாகவே வாழ்ந்தவர்கள் இதே மாநிலத்தின் வடக்கில் இருக்கிறார்கள். கிளாமத் ஆற்றின் கழிமுகத்தில் வாழும் யூரோக் மக்களிடையே, ஆண்டின் முதல் சால்மனுக்கு முன்பு ஒரு சடங்கு இருந்தது. உரிய மந்திரங்களைச் சொல்லி முதல் மீன் முறைப்படி எடுக்கப்படும்வரை மற்றவர்கள் அங்கே சால்மனைத் தொடக் கூடாது. அந்த நாட்களில் எத்தனையோ மீன்கள் அவர்கள் கண்ணெதிரே ஆற்றில் ஏறிப் போயிருக்கும். மேலாற்றில் கெப்பெல் என்ற இடத்தில் அந்நாளில் ஆற்றின் குறுக்கே மரத்தால் மீன் அணை கட்டுவார்கள். கட்டுவதே ஒரு பெரும் சடங்கு. பத்து நாள் மீன் எடுப்பார்கள். பத்து நாள் ஆனதும், மீன் வந்துகொண்டிருந்தாலும், அணையைப் பிரித்துவிடுவார்கள். மேலே வாழும் ஹூப்பா, காருக் மக்களுக்கும் மீன் போய்ச்சேர வேண்டும். முட்டையிடும் இடத்துக்கும் மீன் போய்ச்சேர வேண்டும்.

மீன்வள விஞ்ஞானி இதைப் பார்த்தால் பருவக் கட்டுப்பாடு என்பார். யூரோக் முதியவர் கேட்டால் அந்தச் சொல் பாதியைத்தான் சொல்கிறது என்பார். கட்டுப்பாடு வெளியிலிருந்து வருவது, சடங்கு உள்ளிருந்து வருவது. தடைக்குக் கட்டுப்படுபவர் இழந்த நாட்களை எண்ணுகிறார். நோன்பு இருப்பவரும் உண்ணாமல்தான் இருக்கிறார், ஆனால் அதை யாரும் தம்மிடமிருந்து பறித்ததாக நினைப்பதில்லை. நண்டு விதிகள்மேல் எழும் கசப்பில் பெரும்பங்கு, அவை அலுவலக அறிவிப்பாக மட்டுமே வந்துசேர்வதால்தான் என்று தோன்றுகிறது. சடங்கு இந்தக் கரைக்கும் அந்நியமில்லை. சான் பிரான்சிஸ்கோவின் மீனவர் படகுத்துறையில் சிசிலியிலிருந்து வந்த குடும்பங்கள் ஆண்டுதோறும் அக்டோபரில் மாதாவின் ஊர்வலம் நடத்திப் படகுகளுக்கு ஆசி வழங்கச் செய்கிறார்கள். கடலில் இறந்தவர்களுக்காகவும் அன்று ஜெபிக்கிறார்கள். அந்த ஜெபத்தில் திமிங்கிலத்துக்கும் ஓர் இடம் கிடைத்தால் அதில் மதக் குற்றம் ஒன்றும் இருக்க முடியாது. அதே சான் பிரான்சிஸ்கோ வளைகுடாவின் ரிச்மண்டில் 1971 வரை திமிங்கிலங்களை வெட்டிய நிலையம் ஒன்று இயங்கியது. நாட்டின் கடைசித் திமிங்கில நிலையம் அது. ஐம்பதே ஆண்டில் அந்தக் கரை எவ்வளவு தூரம் வந்திருக்கிறது!

இனி, கட்டுரையின் கடினமான இடம். யார் அதிகம் காத்திருக்க வேண்டும்?

பிழைப்புக்காகப் பிடிப்பவரா, மகிழ்ச்சிக்காகப் பிடிப்பவரா? விதிப்படி பார்த்தால் மகிழ்ச்சிக்காரருக்கே சலுகை அதிகம். அவருக்குப் பருவம் முன்னதாகத் திறக்கிறது. அளவும் அரை அங்குலம் குறைவு. இதற்கு ஒரு விளக்கம் உண்டு. தொழில்முறைப் படகு ஒன்றுக்கு 175 முதல் 500 கூடுவரை உரிமம் இருக்கிறது. பொழுதுபோக்குக்காரருக்குப் பத்தே கூடு. அவருடைய கயிறுகளும் குறைவு, ஆபத்தும் குறைவு. கணக்கு சரிதான். ஆனால் அறம் என்பது எண்ணிக்கை மட்டுமல்ல, தேவையும்தான். அடுத்த மாத வாடகைக்காகக் கூடு இறக்குபவரும், ஞாயிற்றுக்கிழமை உற்சாகத்துக்காகக் கூடு இறக்குபவரும் ஒரே தீங்கைச் செய்யக்கூடும் என்றால், முதலில் கையை எடுக்க வேண்டியவர் இரண்டாமவர். அவர் இழப்பது ஒரு நல்ல காலைப்பொழுது. மற்றவர் இழப்பது குடும்பத்தின் பருவ வருமானம்.

இந்தக் கோடும் முற்றிலும் நேரானது இல்லை. பசிபிகா ஊரின் கடற்பாலம் போன்ற பொதுப் பாலங்களில் மீன் பிடிக்க உரிமம் தேவையில்லை. அங்கே வலை இறக்குபவர்களில் பலர் பல நாடுகளிலிருந்து குடியேறியவர்கள். இரவு உணவை அங்கிருந்தே கொண்டுபோகிறவர்களும் அவர்களில் உண்டு. அவர்களைப் பொழுதுபோக்குக்காரர் என்பது அரசின் பட்டியலுக்கு மட்டுமே பொருந்தும். அதேபோல, ஆட்களை ஏற்றிக்கொண்டு நண்டுக்கும் மீனுக்கும் கடலுக்குப் போகும் வாடகைப் படகுகள். ஏறுபவர் விளையாட்டுக்கு ஏறுகிறார், படகோட்டிக்கு அது பிழைப்பு. எனவே தீர்ப்பை ஆளின்மேல் எழுதாமல் கருவியின்மேல் எழுதுவதே சரி. வளைய வலையும் கண்ணியும் யார் கையில் இருந்தாலும் இருக்கட்டும். தண்ணீரில் தனியே நிற்கும் கயிற்றைத்தான் பொழுதுபோக்குக்காரர் தாமாகவே கைவிட வேண்டும், அனுமதி இருக்கும் மாதங்களிலும்கூட. இப்போதைய விதி பாதி வழி வந்திருக்கிறது. மீதி வழியை வழக்கம்தான் நடக்க வேண்டும், அகன்ற மடலைக் கண்டதும் திருப்பி எறியும் அந்த வழக்கம்போல.

தொழில்முறை மீனவர்களுக்கும் ஒரு வழி திறந்துவருகிறது. மிதவையையும் கயிற்றையும் கூட்டோடு சேர்த்துக் கடலடியிலேயே வைத்துவிட்டு, படகு வந்து ஒலிக்குறிப்பு கொடுத்ததும் மேலே எழும்பும் கருவி அது. 2023 வசந்தத்தில் சோதனை உரிமத்தோடு சில மீனவர்கள் அதைப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். விலை அதிகம். அந்தச் செலவை மீனவர் தலையில் மட்டும் கட்டுவது நியாயமல்ல. நண்டு தின்னும் நகரமும் திமிங்கிலம் பார்க்கப் படகேறும் பயணியும் அதில் பங்கெடுக்க வேண்டும்.

இவ்வளவு நேரம் திமிங்கிலத்தையே பேசியாயிற்று. நண்டு?

திமிங்கிலத்துக்குக் கண் இருக்கிறது, பாட்டு இருக்கிறது, கன்று இருக்கிறது; அதற்காக இரங்குவது எளிது. வாளியில் கால்களை உரசிக்கொண்டு கிடக்கும் நண்டுக்காக இரங்குவதற்கு மனிதனுக்கு வெகுகாலம் பிடித்தது. பெல்ஃபாஸ்ட் நகரின் குவீன்ஸ் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் எல்வுட் சங்குநண்டுகளுக்கு மெல்லிய மின்னதிர்ச்சி கொடுத்துப் பார்த்தார். பிடிக்காத சங்கில் இருந்தவை சட்டென்று வெளியேறின. பிடித்த சங்கில் இருந்தவை பொறுத்துக்கொண்டு அதிலேயே இருந்தன. வெறும் அனிச்சைச் செயலாக இருந்தால் சங்கின் தரம் அதை மாற்றியிருக்காது. நண்டு எதையோ எடைபோடுகிறது. கரைநண்டுகளுக்கு இரண்டு இருட்டு மறைவிடங்கள் கொடுத்து ஒன்றில் மட்டும் அதிர்ச்சி வைத்தபோது, அவை சீக்கிரமே அந்த இடத்தைத் தவிர்க்கக் கற்றுக்கொண்டன. 2021-ல் லண்டன் பொருளாதாரப் பள்ளியின் ஜோனதன் பிர்ச் தலைமையிலான குழு இத்தகைய சான்றுகளைத் திரட்டி அறிக்கை தந்தது. 2022-ல் பிரிட்டன் நண்டு, இறால், கணவாய் ஆகியவற்றை உணர்வுள்ள உயிர்கள் என்று சட்டத்திலேயே ஏற்றது. சுவிட்சர்லாந்து 2018-லேயே உயிருள்ள கல்லிறாலைக் கொதிநீரில் போடுவதைத் தடைசெய்தது.

தமிழ் வாசகருக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. வள்ளுவர் புலால் மறுத்தலுக்கும் கொல்லாமைக்கும் தனித்தனி அதிகாரம் வைத்தார். ஆனால் இரண்டையும் துறவறவியலில் வைத்தார், இல்லறவியலில் அல்ல. துறவிக்கு விடை தெளிவு: கொல்லாதே. இல்லறத்தார் தின்கிறார் என்றால், அவருக்கு விடை அத்தனை தெளிவாக இல்லை. ஆனால் கேள்வி அவரையும் விடுவதில்லை. எவ்வளவு, எப்போது, எப்படி என்று அவர் ஒவ்வொரு முறையும் தன்னையே கேட்டுக்கொண்டாக வேண்டும். அளவுகோலும் பருவமும் வயிற்று மடலும் இந்தக் கேள்வியின் மூன்று வடிவங்கள்தாம். தின்பதா வேண்டாமா என்பதில் மட்டும் அறத்தைத் தேடுகிறவர்கள், தின்கிறவரின் கையில் நாள்தோறும் நடக்கும் அறத்தைப் பார்க்கத் தவறுகிறார்கள்.

சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். நவம்பர் வந்தால் நண்டு ரசத்துக்கும் மிளகு வறுவலுக்கும் ஆசைப்பட்டுக் கடற்கரைக்குக் கிளம்புகிறவர்களும் உண்டு. அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். போவதற்கு முதல் நாள் இரவே மாநில மீன், வனவிலங்குத் துறையின் அறிவிப்பைப் பாருங்கள். சென்ற ஆண்டின் விதி இந்த ஆண்டு இருக்காது. ஒரு மண்டலத்தின் விதி அடுத்த மண்டலத்தில் இருக்காது. கூடு வாங்க நினைத்திருந்தால் அந்தப் பணத்துக்கு வளைய வலை வாங்குங்கள். பெண் நண்டைத் திருப்பி விடுங்கள். வீட்டுக்குக் கொண்டுவந்த நண்டை உயிரோடு கொதிநீரில் போடாதீர்கள். அதன் அடிப்பக்கத்தில் இரண்டு நரம்பு மையங்கள் இருக்கின்றன. அவற்றைக் கூர்முனையால் விரைவாகக் குத்திவிட்டுப் பிறகு சமைக்கலாம். தெரிந்தவரிடம் ஒருமுறை பார்த்துக் கற்றுக்கொண்டால் போதும். அளவுகோலை வாளியின் கைப்பிடியிலேயே கட்டிவையுங்கள்; வீட்டில் மறந்துவிட்டு வந்தால் கண்ணளவில் எந்த நண்டும் ஐந்தே முக்கால் அங்குலமாகத்தான் தெரியும்.